தாய் கேட்டதும் ஆண்டவர் தந்ததும்



ஓரியூருக்குத் திருயாத்திரை போய், அந்தச் செம்மணலில் கொஞ்சம் முடிந்துகொண்டு வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த மண்ணில் இரத்தம் சிந்திய அர்ச். அருளானந்தர் வேதசாட்சி என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் ஒரு தாயின் செபத்தால் உயிர் பிழைத்த பிள்ளை என்பதையோ நம்மில் சிலரே நினைத்துப் பார்க்கிறோம். செபித்தும் கேட்டது கிடைக்கவில்லையென்று சோர்ந்திருப்பவர்களும், கேட்டது கிடைத்ததும் செபத்தை மறந்துபோனவர்களும் அவருடைய சரித்திரத்தைச் சற்றே கவனித்துப் படியுங்கள்.

அவர் 1647-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந் தேதி போர்த்துக்கல் தேசத்தின் தலைநகராகிய லிஸ்பனில் பிறந்தார். ஜான் என்பது அவருக்கு இட்ட பெயர். நம் வழக்கில் அருளப்பர். தே பிரிட்டோ என்பது குடும்பப் பெயர். தந்தையார் அரசரின் கட்டளைப்படி பிரேசில் தேசத்தில் உத்தியோகம் ஏற்கச் சென்று, அங்கேயே காலமானார். அப்போது அருளப்பர் சின்னஞ்சிறு பிள்ளை. விதவையான தாய் பெயாத்ரிஸ் பெரேரா அம்மாள் பிள்ளைகளைத் தெய்வ பயத்தில் வளர்த்தார். அருளப்பர் அரண்மனையில் சேர்க்கப்பட்டு, இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக இருந்தார்.

ஏறக்குறைய 11 வயதில் அவருக்குக் கடும் நோய் கண்டது. பிழைப்பார் என்ற நம்பிக்கை அற்றுப்போயிற்று. அந்நேரத்தில் தாய் செய்தது என்ன? நீங்களும் நானும் செய்வதைத்தான் செய்தார். முழங்காலில் விழுந்தார். அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரின் உதவியை மன்றாடி ஒரு நேர்ச்சை செய்தார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு முழுவதும் சேசுசபையாரின் அங்கியைப் போன்ற ஓர் அங்கியை அவனுக்கு உடுத்துவதாக வாக்குக் கொடுத்தார். பிள்ளை சுகமடைந்தான். அம்மாளும் வாக்குத் தவறவில்லை. பட்டும் சரிகையும் பளபளக்கும் அரண்மனையில் அந்தச் சிறுவன் ஓராண்டு காலம் கறுப்பு அங்கியோடு நடமாடினான்.

ஆண்டு முடிந்தது, அங்கியும் கழன்றது. தாயின் கணக்கில் நேர்ச்சை தீர்ந்தது. ஆனால் பிள்ளையின் உள்ளத்திலிருந்து அந்த அங்கி கழலவேயில்லை. 1662-ம் ஆண்டு டிசம்பரில், தம் 15-ம் வயதில், அவர் சேசுசபை நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார். பின்பு சவேரியார் உழைத்த இந்தியாவுக்கே போக உத்தரவு கேட்டார், குருப்பட்டமும் பெற்றார். 1673-ம் ஆண்டு உத்தரவும் கிடைத்தது.

இங்கேதான் அந்தத் தாயின் இருதயம் சோதிக்கப்பட்டது. சாவினின்று மீட்டுக்கொண்ட மகனைக் கடலுக்கு அப்பால் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அக்காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் திரும்பி வராதவர்கள் அநேகர். அம்மாள் தம்மால் இயன்ற முயற்சியெல்லாம் செய்தார். பாப்பரசரின் பிரதிநிதியைக் கொண்டும் பயணத்தைத் தடுக்கப் பார்த்தார். பலிக்கவில்லை. உலகத்திலிருந்து மடத்துக்கு அழைத்த அதே சர்வேசுரன் இப்போது போர்த்துக்கல்லிலிருந்து இந்தியாவுக்கு அழைக்கிறார் என்று மகன் உறுதியாகப் பதில் கூறிவிட்டுக் கப்பலேறினார்.

வாசகரே, சற்று நின்று யோசியுங்கள். ஒரே தாய், ஒரே மகன். ஒரு முறை அவனைத் தரும்படி கேட்டார், கிடைத்தது. மறுமுறை தம்மோடு இருக்க வேண்டுமென்று விரும்பினார், கிடைக்கவில்லை. முதலில் இரங்கிய ஆண்டவர் பின்னர் மனம் மாறினாரோ? இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டுமென்பதே தாயின் மன்றாட்டு. எதற்காகப் பிழைக்க வேண்டும் என்பது சர்வேசுரன் அறிந்த இரகசியம். செபத்தைக் கேட்டருளிய அன்றே அவர் அந்தப் பிள்ளையை மதுரை மிஷனுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். தாய்க்கு அது பின்னர்தான் தெரிந்தது.

கோவா வந்து சேர்ந்த குருவானவர் 1674-ம் ஆண்டு நம் தமிழ் நாட்டுக்கு வந்தார். அருளானந்தர் என்று பெயர் பூண்டு, பண்டார சுவாமிகளைப்போல் காவியுடுத்தி, புலாலை விலக்கி, சோறும் காய்கறியும் உண்டு, வெயிலிலும் வெள்ளத்திலும் கால்நடையாய் அலைந்து ஞான உபதேசம் செய்தார்.

தாயின் விருப்பம் தடைப்பட்டதைப் பார்த்தோம். மகனுடைய விருப்பமும் தடைப்பட்டதுண்டு. வேதத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய ஆசை. 1686-ம் ஆண்டு மறவர் சீமையில் அவரும் அவருடைய உபதேசியார்களும் பிடிபட்டுக் கொடிய வாதைகளுக்கு உள்ளானார்கள். வேதசாட்சி முடி கைக்கு எட்டிவிட்டதென்று எண்ணியிருந்த சமயத்தில், சேதுபதி மன்னர் இனிப் போதிக்கக்கூடாதென்று சொல்லி அவர்களை விடுதலை செய்துவிட்டார். அதன்பின் சபைக் காரியமாக ஐரோப்பாவுக்குப் போகும்படி மேலதிகாரிகள் பணிக்க, 1688-ம் ஆண்டு அவர் லிஸ்பன் சேர்ந்தார். பழைய தோழராகிய இரண்டாம் பேதுரு அப்போது அரசர். அவரைத் தம் அரசவையிலேயே வைத்துக்கொள்ள அரசர் விரும்பினார். அருளானந்தர் இசையாமல் மீண்டும் கப்பலேறி, 1690-ம் ஆண்டு இந்தியா திரும்பினார்.

பிறகு நடந்தது இன்னும் ஆச்சரியமானது. மறவர் குலத்துப் பிரபு தடியத்தேவர் தீராத நோயால் வருந்தினார். ஓர் உபதேசியார் அவர் மேல் சுவிசேஷத்தை வாசித்து செபிக்க, நோய் நீங்கிற்று. கேட்டது கேட்டபடியே கிடைத்தது. நன்றி நிறைந்த தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டுமென்ற நிபந்தனைக்கும் இணங்கி, 1693-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவினள். அவள் முறையிடவே, இரண்டு நாளைக்குள் அருளானந்தர் சிறைப்பட்டார். பிப்ரவரி 4-ந் தேதி, விபூதிப் புதன்கிழமை, ஓரியூரில் அவருடைய தலை வெட்டுண்டது. அப்போது அவருக்கு 45 வயது.

ஒரு நோயாளிக்காகச் செய்த செபம் கேட்கப்பட்டதனால், அந்தச் சுவாமியாருக்கு மரணம் வந்தது. 1686-ல் மறுக்கப்பட்ட முடியும் அந்த மரணத்திலேயே வந்தது. எந்தச் செபத்துக்கு எந்தப் பதில் என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடிகிறதா?

செய்தி லிஸ்பன் நகரை எட்டியபோது அரசர் ஆடம்பரமாய் நன்றியறிதல் வழிபாடு நடத்தக் கட்டளையிட்டார். பெயாத்ரிஸ் அம்மாள் அதற்கு வந்தார். மகனை இழந்த தாய் துக்க உடையோடு வரவில்லை. திருநாள் உடை உடுத்தி வந்தார். ஒரு காலத்தில் அவரைப் போகவிடாமல் தடுத்த அதே தாய்தான். மகனை அவர் குறைவாக நேசித்ததால் அல்ல, ஆண்டவர் தம் செபத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார் என்பதைக் கண்டுகொண்டதால் அப்படி வந்தார். 1947-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அந்த மகனை அர்ச்சியசிஷ்டவர் பட்டியலில் சேர்த்தார்.

குடும்பத்தாரே, நாம் செபிப்பது சர்வேசுரனுடைய ஏற்பாட்டை மாற்றுவதற்காக அல்ல, செபத்தின் வழியாகத் தரவேண்டுமென்று அவர் ஏற்பாடு செய்திருப்பதைப் பெற்றுக்கொள்வதற்காகவே என்று அர்ச். தோமாஸ் அக்வினார் போதிக்கிறார். ஆகையால் கேட்க வெட்கப்படாதீர்கள். பிள்ளையின் காய்ச்சல், மகளின் கலியாணம், வீட்டுக் கடன், எதுவானாலும் கேளுங்கள். பெயாத்ரிஸ் அம்மாள் தம் பிள்ளையின் உயிரைத்தான் கேட்டார். சர்வேசுரன் அதை அற்பமென்று தள்ளவில்லை.

ஆனால் நேர்ச்சையைக் கடைச் சரக்குக்குக் கொடுக்கும் விலையென்று எண்ணாதீர்கள். மெழுகுதிரி ஏற்றியதோடு கணக்குத் தீர்ந்ததென்றும் எண்ணாதீர்கள். பிழைத்த பிள்ளை யாருக்குச் சொந்தம் என்பதை நினைவில் வைத்திருங்கள். நாளை அவன் குருமடத்துக்கோ அவள் கன்னியர் மடத்துக்கோ போக விரும்பினால், இன்று செய்த செபத்தின் பதில் அதுவாகவே இருக்கலாம்.

கேட்ட பிள்ளை பிழைக்காமல் போன வீடுகளும் நம் பங்கில் உண்டு. அவர்களுக்கு எளிதான ஆறுதல் சொல்ல யாராலும் முடியாது. ஜெத்செமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் பாத்திரம் நீங்கும்படி மன்றாடினார், அது நீங்கவில்லை. பிதா அவரைக் கைவிட்டாரென்று நாம் சொல்வதில்லை, உயிர்த்த ஞாயிறு வந்ததை அறிந்திருக்கிறோம். நம் கண்ணீருக்கும் அப்படியொரு ஞாயிறு உண்டு. இங்கேயோ மோட்சத்திலோ அதைக் காண்போம். அதுவரை இரவுச் செபத்தை விட்டுவிடாதீர்கள். இன்றிரவும் குடும்பமாய் முழங்காலில் இருந்து கேளுங்கள்.