மகேந்திரலால் சர்க்காரும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமும்

ஆய்வுச் சுருக்கம்

கல்கத்தாவில் 1876ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், சர் சி. வி. இராமனின் கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடமாகவே தமிழில் பெரிதும் அறியப்பட்டுள்ளது. அதனை நிறுவிய மருத்துவர் மகேந்திரலால் சர்க்காரின் (1833-1904) வாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தம் முயற்சி தோற்றதென்று எண்ணியபடியே அவர் மறைந்தார். அவர் வகுத்துவைத்த அமைப்பே பின்னாளில் இராமனுக்குக் கதவு திறந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

குறிப்புச் சொற்கள்: மகேந்திரலால் சர்க்கார், அறிவியல் கழகம், கல்கத்தா, லஃபோன், இராமன், கே. எஸ். கிருஷ்ணன்

முன்னுரை

தமிழ் வாசகர்க்கு மகேந்திரலால் சர்க்காரின் பெயர் இரு வழிகளில் அறிமுகமாகிறது. ஒன்று, இராமகிருஷ்ணரின் வரலாற்று நூல்கள். தொண்டைப் புற்றுநோயால் துன்புற்ற இராமகிருஷ்ணருக்கு 1885ஆம் ஆண்டு முதல் மருத்துவம் பார்த்தவராகவும், அடியார்களோடு ஓயாமல் வாதிட்டவராகவும் அவர் அந்நூல்களில் வருகிறார். மற்றொன்று, இராமனின் வாழ்க்கை வரலாறுகள். நிதித்துறை அலுவலராக 1907ஆம் ஆண்டு கல்கத்தா சென்ற இராமன், பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்த நிகழ்ச்சியை அவை தவறாமல் கூறுகின்றன. அவற்றில் அக்கட்டடம், தன்னை எழுப்ப ஒருவர் வரும்வரை உறங்கிக்கிடந்த மாளிகைபோல் காட்டப்படுகிறது.

முன்னதில் சர்க்கார் துணைமாந்தர். பின்னதில் படமாக மாட்டப்பட்ட நிறுவனர். கல்லூரிப் பதவி ஏதுமில்லாத, பதினெட்டு வயதே நிரம்பிய ஓர் அரசு அலுவலருக்கு அலுவல் நேரம் போக எஞ்சிய காலை மாலைப் பொழுதுகளில் ஆய்வுக்கருவிகளைத் திறந்துவிட ஓர் இடம் எப்படி இருந்தது என்ற வினாவை இவ்விரு மரபுகளும் எழுப்பவில்லை. அவ்வினாவுக்குரிய விடை சர்க்காரின் வாழ்வில் உள்ளது.

இளமையும் கல்வியும்

மகேந்திரலால் 1833 நவம்பர் 2 அன்று ஹௌரா மாவட்டத்தின் பைக்பாரா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையையும் ஒன்பது வயதில் தாயையும் இழந்து, கல்கத்தாவில் தாய்மாமன்மார் வீட்டில் வளர்ந்தார். ஹேர் பள்ளியிலிருந்து உதவித்தொகை பெற்று 1849ஆம் ஆண்டு இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். இலக்கியத்திலும் மெய்யியலிலும் அக்கல்லூரிக்கு இருந்த பெயர் பெரிது. அறிவியல் கற்பிக்க அங்கு வசதி இல்லை. ஆகவே அதனை விட்டு மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். அக்கால இந்திய இளைஞர் ஒருவர் இயற்பியலையும் வேதியியலையும் கருவிகளோடு காண விரும்பினால் மருத்துவம் படிப்பதே ஏறத்தாழ ஒரே வழியாக இருந்தது. அங்கு இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தபோதே உடன் பயின்றோர்க்கு ஒளியியல் குறித்து விரிவுரையாற்ற அழைக்கப்பட்டார். பின்னாளில் அவருடைய கழகத்துக்குப் பெரும் புகழ் தந்த துறையும் ஒளியியலே.

1860ஆம் ஆண்டு சிறப்புத் தகுதியுடன் தேறி, 1863ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்றார். அப்பட்டம் பெற்றவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. நகரின் முதல்நிலை மருத்துவர்களுள் ஒருவராக விரைவில் உயர்ந்தார்.

1867ஆம் ஆண்டு உரையும் அதன் விளைவும்

பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை 1863ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது, ஓமியோபதியைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியவர்களுள் சர்க்காரும் ஒருவர். அக்கிளையின் செயலாளராகவும் பின்னர்த் துணைத்தலைவராகவும் அவர் விளங்கினார். இந்நிலையில் மார்கன் என்பவர் ஓமியோபதி பற்றி எழுதிய நூலுக்கு மதிப்புரை எழுதும் வாய்ப்பு அவருக்கு வந்தது. அந்நூலை மறுப்பதே அவர் நோக்கம். கண்ணால் காணாத ஒன்றை மறுத்து எழுதுவது முறையாகாது என்று கருதியதால், கல்கத்தாவில் ஓமியோபதி பார்த்துவந்த இராஜேந்திரலால் தத்தரின் நோயாளிகளை நேரில் கவனிக்கத் தொடங்கினார். விளைவு அவர் எதிர்பாராதது. 1867 பிப்ரவரி 16 அன்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவர் படித்த கட்டுரை, ஆங்கில மருத்துவத்தின் நிச்சயமற்ற தன்மையைச் சுட்டி, ஓமியோபதியின் அடிப்படைக் கொள்கையை ஏற்றுக்கொண்டது.

அன்றைய சங்கம் அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. நண்பர்கள் விலகினர். நோயாளிகள் வருவது சில மாதங்கள் அரிதாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 1878ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்தில் அவர் நியமிக்கப்பட்டபோதும் ஆங்கில மருத்துவர்கள் அதனை எதிர்த்தனர்.

ஓமியோபதி பற்றி அவர் எய்திய முடிவை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. நோயாளி குணமடைவதைக் கண்டதும் அது மருந்தின் பயன் என்று துணிவதற்கும், ஒப்பீட்டுச் சோதனைகளால் அதனை மெய்ப்பிப்பதற்கும் உள்ள இடைவெளி அக்கால மருத்துவத்தில் பொதுவாகவே உணரப்படவில்லை. சர்க்காரும் அதற்கு விலக்கல்லர். எனினும் கண்டதைச் சொன்னதற்காக ஓர் அவையிலிருந்து தள்ளப்பட்ட பட்டறிவு, அடுத்து அவர் அமைக்க முயன்ற அவையின் இயல்பைத் தீர்மானித்தது எனலாம். 1868 சனவரியில் கல்கத்தா மருத்துவ இதழைத் தாமே தொடங்கினார். 1869 ஆகஸ்டில் அவ்விதழில் வெளியான கட்டுரையில்தான், இந்தியர் அறிவியலைப் பயில்வதற்கென ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்னும் கருத்தை அவர் முதன்முதலாக முன்வைத்தார்.

கழகத்தின் தோற்றம்

1870 சனவரி 3 அன்று இந்து பேட்ரியட் இதழில் திட்ட அறிக்கை வெளிவந்தது. இலண்டனில் இயங்கிய இராயல் நிறுவனத்தையும் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தையும் அவர் முன்மாதிரியாகக் கொண்டார். முன்னது விரிவுரைக் கூடமும் ஆய்வகமும் ஒருங்கே உடையது. பொதுமக்கள் முன்னிலையில் சோதனைகளைச் செய்துகாட்டும் மரபில் வளர்ந்தது. நூற்கட்டும் தொழிலாளியாக இருந்த மைக்கேல் ஃபாரடே விரிவுரை கேட்கச் சென்று, பின்னர் அங்கேயே ஆய்வாளரானார். சர்க்கார் கல்கத்தாவுக்கு விரும்பியது அத்தகைய வாயிலையே. ஆனால் தம் நிறுவனம் இந்தியரின் பொருளால் நடைபெற்று, இந்தியராலேயே ஆளப்பட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அறிக்கை வெளிவந்ததற்கும் கழகம் திறக்கப்பட்டதற்கும் இடையே ஆறாண்டுகள் கழிந்தன. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய காலமெல்லாம் நன்கொடை திரட்டுவதில் சென்றது. பங்கிம்சந்திரர் தம் பங்கதர்சன் இதழில் ஆதரித்து எழுதினார். ஈசுவரசந்திர வித்யாசாகர் ஆயிரம் ரூபாய் அளித்தார். புனித சேவியர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி யூஜின் லஃபோன் தோள்கொடுத்தார். ஒருவர் சமய நம்பிக்கைகளை வெளிப்படையாக விவாதித்த மருத்துவர். மற்றவர் கத்தோலிக்கத் துறவி. இருவருடைய நட்பும் இறுதிவரை நீடித்தது.

எதிர்ப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1875ஆம் ஆண்டு தோன்றிய இந்தியன் லீக் அமைப்பினர், ஏழை நாட்டுக்குத் தேவையானது தொழிற்கல்வி என்றனர். திரட்டிய பொருளைத் தொழிற்பள்ளிக்குச் செலவிட வேண்டும் என்று வாதிட்டனர். அவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. நெசவும் உலோகத்தொழிலும் நலிந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் சர்க்காரும் லஃபோனும் இணங்கவில்லை. அடிப்படை அறிவியலைக் கைக்கொள்ளாமல் தொழில்நுட்பத்தை மட்டும் கற்பவர் பிறர் கண்டறிந்ததைப் பின்பற்றும் கைவினைஞராகவே இருப்பர் என்பது அவர்களது நிலைப்பாடு. இந்தியர் இயல்பிலேயே மெய்யியல் நாட்டம் கொண்டவர்கள், சோதனை அறிவியலுக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற எண்ணம் ஆட்சியாளரிடையே பரவியிருந்த சூழலில் இதனை வைத்து நோக்கவேண்டும். தொழிற்பள்ளி அவ்வெண்ணத்தை அசைத்திராது. வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் சர் ரிச்சர்ட் டெம்பிளின் ஆதரவு சர்க்கார் பக்கம் நின்றது. 1876 சூலை 29 அன்று பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் கழகம் தொடங்கியது. சர்க்கார் அதன் மதிப்புறு செயலாளரானார். இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

ஆய்வாளர் வராத ஆய்வகம்

கழகத்தின் அன்றாடப் பணி விரிவுரைகளே. சர்க்காரும் லஃபோனும் ஊதியமின்றி ஆண்டுதோறும் இயற்பியல் விரிவுரைகள் நிகழ்த்தினர். இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஜகதீஸ் சந்திர போஸ் இயற்பியலும், பிரமதநாத் போஸ் நிலவியலும், அசுதோஷ் முகர்ஜி கணிதமும் அங்குக் கற்பித்தனர். தத்தம் கல்லூரிகளில் கருவிகள் இல்லாத மாணவர்கள் வந்து கேட்டனர். காளிகிருஷ்ண தாகூர் கருவிகளுக்கென 25,000 ரூபாய் வழங்கினார். விரிவுரைக் கூடத்துக்கு ரிப்பன் பிரபு 1882ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டினார். விஜயநகரம் மகாராஜாவின் கொடையால் எழுந்த ஆய்வகம் 1891ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

கூடம், கருவிகள், ஆய்வகம் மூன்றும் அமைந்தன; ஆய்வு மட்டும் நிகழவில்லை. வங்காளத்தின் புகழ்பெற்ற அறிவியலாளர்களான ஜகதீஸ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் தம் ஆய்வுகளை மாநிலக் கல்லூரியில் செய்தனர். அவர்களுக்கு அங்கு ஊதியம் இருந்தது. முழுநேர ஆய்வாளருக்கு வாழ்வூதியம் தரும் பேராசிரியப் பதவி ஒன்றேனும் கழகத்தில் நிறுவ வேண்டும் என்று சர்க்கார் ஆண்டறிக்கைதோறும் வேண்டினார். கட்டடத்துக்குக் கொடுத்த செல்வர்கள் பதவிக்குக் கொடுக்கவில்லை. கல்வெட்டில் பெயர் பொறிக்கக் கட்டடம் இடந்தரும், ஒருவரது மாத ஊதியம் இடந்தராது என்பதை அவர் அறியாதவர் அல்லர். மேடைதோறும் செல்வர்களைக் கடிந்துகொண்டது அவர்தம் கொடைமனத்தை மேலும் சுருக்கியிருக்கவும் கூடும்.

இக்காலத்தில் அவருக்குப் பொதுவாழ்விலும் பெருமைகள் வந்தன. 1883ஆம் ஆண்டு சி.ஐ.இ. விருதும், 1887ஆம் ஆண்டு கல்கத்தாவின் ஷெரீப் பதவியும், வங்காளச் சட்டமன்ற உறுப்புரிமையும், 1898ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டமும் அவற்றுள் சில. பெண்களின் திருமண வயது பதினாறாக இருக்கவேண்டும் என்று கேசவ சந்திர சென்னுக்கு அளித்த மருத்துவக் கருத்து அதற்கும் முந்தியது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கையே ஏற்றது. தொழுநோயாளர்க்கெனத் தேவ்கரில் எழுந்த விடுதிக்குப் பொருள் உதவி, மனைவி இராஜகுமாரியின் பெயரை அதற்குச் சூட்டச் செய்தார்.

இராமகிருஷ்ணரோடு அவருக்கிருந்த தொடர்பும் இக்காலத்ததே. நோயாளியிடம் மணிக்கணக்கில் பேசி மகிழ்ந்த அவர், அவரை இறைவனின் அவதாரமாகக் கொள்ளும் அடியார்களை முகத்துக்கு நேரே மறுத்தார். 1886 ஆகஸ்ட் 16 அன்று இராமகிருஷ்ணர் மறைந்த செய்தி கேட்டு வந்து, உயிர் பிரிந்ததை உறுதிசெய்தபின், ஒளிப்படம் எடுத்துவைக்குமாறு கூறி அதற்குப் பத்து ரூபாயும் தந்து சென்றார். பக்தி இலக்கியம் இந்நிகழ்ச்சியைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறது. ஆனால் சான்றைப் பதிந்துவைக்க வேண்டும் என்னும் அவரது இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி அரிது.

இறுதி ஆண்டுகளில் சர்க்காரின் பேச்சில் மனக்கசப்பு மிகுந்தது. முப்பதாண்டு உழைப்பு வீணாயிற்று என்றும், அக்காலத்தை மருத்துவத்தொழிலில் செலவிட்டிருந்தால் தாமே ஒரு பேராசிரியப் பதவிக்குரிய பொருளைச் சேர்த்திருக்கலாம் என்றும் அவர் வருந்தினார். 1904 பிப்ரவரி 23 அன்று காலமானார்.

மறைவுக்குப் பின்

செயலாளர் பொறுப்பு மகன் அமிர்தலாலுக்கு வந்தது. தந்தையின் வேண்டுகோள்கள் எவையும் நிறைவேறாத நிலையிலேயே அவர் கழகத்தை மூன்றாண்டுகள் நடத்திவந்தார். அதன்பின் இராமன் கதவைத் தட்டினார். உதவியாளர் அசுதோஷ் தே திறந்தார்; அமிர்தலால் வரவேற்றார். சிந்திக்கத்தக்கது அந்த வரவேற்பு. அரசுக் கல்லூரியின் ஆய்வகமாயின் அக்கல்லூரியில் பதவி பெறாதவர் நுழைய இயலாது. பௌபஜாரில் அத்தகைய தடை இல்லை. பயில விரும்பும் எந்த இந்தியரும் வரலாம் என்பதே கழகத்தின் விதி. ஊதியம் தர வழியில்லாத நிறுவனத்துக்குத் தம் ஊதியத்தை வேறிடத்தில் ஈட்டிய ஒருவர் வந்துசேர்ந்தார். சர்க்கார் திட்டமிட்ட வழி இதுவன்று. அவர் திறந்துவைத்த கதவு இதுவே.

அமிர்தலால் 1919ஆம் ஆண்டு இறந்ததும் இராமன் செயலாளரானார். கழகத்திலிருந்து இந்திய இயற்பியல் இதழ் 1926ஆம் ஆண்டு தோன்றியது. ஒளிச்சிதறல் பற்றிய கண்டுபிடிப்பு 1928 பிப்ரவரி 28 அன்று அதே கட்டடத்தில் நிகழ்ந்தது. 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு அதற்குரியதாயிற்று. அவ்வாய்வில் இராமனுக்கு உறுதுணையாக இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். அவர் 1928ஆம் ஆண்டிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார்.

1933ஆம் ஆண்டு இராமன் பெங்களூர் சென்றார். நிறுவனரின் பெயரால் ஒரு பேராசிரியப் பதவி கழகத்தில் அப்போதுதான் உருவாயிற்று. சர்க்கார் வேண்டிக் கிடைக்காமல் போன பதவி, அவர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் அமைந்தது. மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக முதலில் அமர்ந்தவர், டாக்காவிலிருந்து அழைக்கப்பட்ட கிருஷ்ணன். படிகங்களின் காந்தப் பண்புகளை அளந்தறியும் ஆய்வுகளை அப்பதவியில் இருந்தபடி தொடர்ந்த அவர், 1942ஆம் ஆண்டு அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.