தொழில் வளர்த்த அறிஞர் பட்நாகர்

ஐதராபாத்தில் உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தை அடுத்துள்ள தார்நாக்காவில் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. 1944-இல் ஐதராபாத் அரசு தொடங்கிய ஆராய்ச்சிக் கூடமே பின்னர் நடுவணரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்தில் சேர்ந்து இவ்வாறு வளர்ந்தது. அம்மன்றத்தை உருவாக்கியவர் சாந்தி சுவரூப் பட்நாகர். அவர் வாழ்வை நம் மாணவர் அறிதல் வேண்டும் என்பது என் அவா.

1894-இல் பேரா என்னும் ஊரில் பிறந்தார். எட்டுத் திங்கட் குழந்தையாயிருந்தபோதே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனார் ஆதரவில் வளர்ந்தார். இலண்டனில் 1921-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றுத் திரும்பிக் காசியிலும் இலாகூரிலும் வேதியியல் கற்பித்தார். எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்று சேற்றைப் பயன்படுத்தியது. உப்பு கலந்ததும் சேறு இறுகிவிடும். பட்நாகர் பிசின் சேர்த்து அதனை இளகச் செய்தார். கம்பெனி அளித்த 1,50,000 ரூபாயைத் தமக்கென்று கொள்ளாமல் பல்கலைக் கழக ஆராய்ச்சிக்கே வழங்கினார்.

1941-இல், நம் தமிழராகிய ஆர்க்காடு இராமசாமி முதலியாரின் முயற்சியால், ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டு மானியத்தை மத்திய சட்டசபை ஏற்றது. ஆய்வின் பயன் தொழிற்சாலைக்குச் செல்லத் தனிக் குழு வேண்டுமென்று பட்நாகர் வற்புறுத்தினார், அதுவும் அமைந்தது. 1942-இல் மன்றம் பிறந்தது. 1955 சனவரி 1-இல் பட்நாகர் மறைந்தார்.

மானியம் பயன்பட்டதா? ஏட்டில் ஏறிய கட்டுரைகளை எண்ணினால் விடை கிடைக்காது என்பேன். தார்நாக்காவில் கண்ட செய்முறையைக்கொண்டு சிப்லா நிறுவனம் 1990-களில் எய்ட்ஸ் மருந்தைக் குறைந்த விலையில் விற்றது. ஏழை நோயாளி மிச்சம் பிடித்த காசே உண்மைக் கணக்கு. நாளை ஆய்வுக்கூடம் புகும் நண்பர்களே, அந்தக் கணக்கை மறவாதீர்!