தொட்டியமா, தோட்டியமா? எழுத்துக் குழப்பத்தைத் தீர்த்த இத்தாலிக்காரர்: யார் இந்த வீரமாமுனிவர்?

லீவு நாளில் ஸ்க்ராபிள் மாதிரி எழுத்துக் கட்டை விளையாட்டில் உட்கார்ந்தால் சண்டை வருவது ஒரே இடத்தில்தான். அடுக்கிய சொல் செல்லுமா, செல்லாதா? தீர்ப்பு சொல்ல ரெண்டு விஷயம் வேணும். ஒவ்வொரு எழுத்தும் இன்னொன்றோடு குழம்பாமல் தெரியணும். எடுத்துப் பார்க்க ஒரு அகராதி இருக்கணும். தமிழுக்கு இந்த ரெண்டிலும் பெரிய வேலை பார்த்தவர், சுமார் 300 வருஷத்துக்கு முன்பு திருச்சி வட்டாரத்தில் வாழ்ந்த ஒரு இத்தாலியர்.

பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ல் பிறந்த இயேசு சபைத் துறவி. 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்து தமிழகம் வந்தார். தைரியநாதர் என்று அழைக்கப்பட்டவர், பிறகு வீரமாமுனிவர் ஆனார். கொள்ளிடக் கரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் நீண்ட காலம் பணியாற்றினார். இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், முன்பு திருச்சி மாவட்டம்தான்.

அப்படி என்ன குழப்பம்?

பழைய முறைப்படி எ, ஒ என்ற குறில்களுக்குத் தலையில் புள்ளி வைக்கணும். புள்ளி இல்லாவிட்டால் அது நெடில். தொல்காப்பியத்திலேயே இருக்கும் விதி இது. ஆனால், பனையோலையில் எழுத்தாணியால் கீறும்போது புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். புள்ளி போனால் எரிக்கும் ஏரிக்கும் வித்தியாசம் கிடையாது. ஒன்று நெருப்பு, இன்னொன்று தண்ணீர்! கொல், கோல் கதையும் இதேதான்.

முசிறிக்குப் பக்கத்தில், காவிரி வடகரையில் இருக்கும் தொட்டியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி இல்லாத ஓலையில் அது தோட்டியம் என்றும் படிக்கும். உள்ளூர்க்காரர் சரியாகப் படித்துவிடுவார். முப்பது வயதில் கப்பல் ஏறி வந்து தமிழ் கற்ற ஒருவர் என்ன செய்வார்?

பெஸ்கி புள்ளியை நம்பவில்லை. எழுத்தின் உருவத்தையே மாற்றினார். ஏ-க்குக் கீழே ஒரு இழுப்பு, ஓ-வுக்கு ஒரு சுழி. கே, கோ போன்றவற்றுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பு. குறிலுக்குப் புள்ளியே தேவையில்லாமல் போனது. சின்ன மாற்றம்தான், ஆனால் அதற்குப் பிறகு ஏரியில் தீப்பிடிக்கவில்லை.

அடுத்தது அகராதி. அதுவரை சொல்லுக்குப் பொருள் தேட நிகண்டுகள்தான் பெரும்பாலும் துணை. செய்யுளாக இருக்கும், மனப்பாடம் செய்திருக்கணும். அகர வரிசை முயற்சிகள் முன்பே உண்டு என்றாலும், 1732-ல் அவர் முடித்த சதுரகராதிதான் தமிழ் அகராதிக்கு நிலையான வழி போட்டது. பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு பகுதி. இதில் தொடை அகராதி, எதுகைக்கு ஏற்ற சொற்களைத் திரட்டித் தருவது. கவிஞர்களுக்காகச் செய்தது என்றாலும், கையில் ரெண்டு எழுத்தை வைத்துக்கொண்டு முழிக்கும் விளையாட்டுக்காரருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

தேம்பாவணி காப்பியமும் பரமார்த்த குரு கதையும் எழுதியவர் இவரேதான்.

1747-ல் பெஸ்கி இறந்தார். சதுரகராதி அச்சில் வந்தது அடுத்த நூற்றாண்டில். 1968-ல் சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இப்போது உங்கள் போனின் தமிழ் கீபோர்டில் எ, ஏ, ஒ, ஓ நாலுக்கும் தனித்தனி வடிவம் இருக்கிறது.