ஊர் வகுத்த அறிஞர் பாட்ரிக் கெடிஸ்

ஆற்றங்கரையிற் குடியிருக்க விரும்பாதார் யாவர்? வையைக் கரையில் மதுரையும், காவிரி கடலொடு கலக்குமிடத்தில் பூம்புகாரும் தோன்றிச் சிறந்தமை நாம் அறிந்ததே. நீர் உள்ள இடத்தில் நிழலும், நிழல் உள்ள இடத்தில் மக்களும் சேர்தல் இயற்கை. ஆயின், ஆற்றின் இயல்பை உணர்ந்து அதன் கரையில் ஊர் வகுத்தல் ஒன்று. ஆற்றை அறியாது கரையைக் கூறு செய்து கொள்ளுதல் மற்றொன்று. இவ்வேறுபாட்டைத் தம் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்த பெரியார் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டிற் பிறந்து, நம் சென்னைக்கும் வந்து, தஞ்சை மதுரை முதலிய நகரங்களின் தெருக்களிலும் கால் தேய நடந்தனர். அவரே பாட்ரிக் கெடிஸ் ஆவர்.

அவர் வரலாற்றை இங்கு எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. சென்னையின் வடகோடியில், மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, கொசத்தலையாறு கடலை அணுகும் தாழ்நிலத்தில் சடையங்குப்பம் என்னும் சிற்றூர் உளது. கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்தில் எண்ணூர்க் காயற்கரை, சென்னையில் வாழ்ந்த வெள்ளையர்தம் ஓய்விடமாய் இருந்தது. அவர்கள் அங்கே வீடுகள் அமைத்து, படகூர்ந்தும் மீன் பிடித்தும் பொழுது போக்கினர். பின்னர்க் காலம் மாறிற்று. அனல் மின் நிலையங்களும் எண்ணெய்த் தொழிற்சாலைகளும் அப்பகுதியை நிரப்பின. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அடித்த புயலின்போது, வெள்ளத்தோடு கருநிற எண்ணெயும் கலந்து காயலெங்கும் பரவி, வீட்டுச் சுவர்களிலும் மீனவர் வலைகளிலும் படிந்தது. ஒரு காலத்தில் சிலர்தம் இன்பத்திற்கும், மற்றொரு காலத்தில் பலர்தம் கழிவிற்கும் இடமாகிய இவ்வாற்றங்கரைக்கு மூன்றாவதொரு வழியும் உண்டோ என வினவுவார்க்குக் கெடிஸின் வாழ்க்கையில் விடை கிடைக்கும்.

இவர் 1854-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், டீ என்னும் ஆற்றின் கரையிலுள்ள பாலட்டர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் படையிற் பணி புரிந்தவர், இறைப்பற்று மிக்கவர். கெடிஸ் குழந்தையாய் இருக்கும்போதே அக்குடும்பம் பெர்த் நகரை அடுத்த ஒரு குன்றின் சாரலிற் குடியேறிற்று. அவர்தம் இல்லத்தின் பெயர் தாபோர் மலைக் குடில் என்பதாம். அங்கிருந்து நோக்குவார்க்குக் கீழே டே என்னும் பேராறு நகரை வளைந்து கடலை நோக்கிச் செல்லும் காட்சி நன்கு தோன்றும். தந்தையோடு தோட்டத்தில் உழைத்தும், மலையிலும் காட்டிலும் அலைந்தும், அச்சிறுவர் கல்விச்சாலை கற்பியாத பாடங்கள் பலவற்றைக் கற்றனர். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றை ஒரே நோக்கிற் காணும் பழக்கம் அந்நாளில் அவருள்ளத்திற் பதிந்தது.

மகன் திருச்சபையின் குருவாக வேண்டுமெனப் பெற்றோர் விரும்பினர். அவரோ சிறிது காலம் வங்கியில் எழுத்தராய் இருந்து, அத்தொழிலை விடுத்து, இலண்டனுக்குச் சென்று ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர் நூல் பயின்றார். ஆசிரியர் மெச்சத்தக்க மாணவராய் விளங்கிய அவர்க்கு 1879-ஆம் ஆண்டில் ஓர் இடையூறு நேர்ந்தது. ஆராய்ச்சியின் பொருட்டு மெக்சிக்கோ நாட்டிற்குச் சென்ற இடத்தில் நோயுற்றுக் கண்ணொளி குன்றினார். பல வாரங்கள் இருட்டறையில் அடைபட்டுக் கிடக்க நேரிட்டது. கண் மீண்டும் தெளிந்ததாயினும், நுண்பெருக்கிக் கண்ணாடியை நெடும்பொழுது நோக்கும் ஆற்றல் மீளவில்லை. உயிர் நூல் வல்லார்க்கு இதனினும் கொடிய இழப்பு வேறில்லை. ஆயினும், அவ்விருட்டறையிற் காகிதத்தை மடித்து, மடிப்புகளைக் கையால் தடவி, பொருள்களுக்கிடையேயுள்ள தொடர்புகளை எண்ணிப் பார்க்கும் முறையொன்றை அவர் வகுத்துக்கொண்டார். சிற்றுயிர்களைக் காணும் வாயில் அடைபட்டபோது, ஊர் என்னும் பேருயிரைக் காணும் வாயில் திறந்தது.

1886-ஆம் ஆண்டில் அன்னா மார்ட்டன் என்னும் நங்கையாரை மணந்தார். புதுமணம் புரிந்தோர் நல்ல தெருவில் நல்ல வீடு தேடுதல் உலக வழக்கு. இவர்களோ எடின்பரோ நகரத்தின் பழைய பகுதியில், வறியோர் நெருங்கி வாழ்ந்த அழுக்கடைந்த அடுக்கு மாளிகை ஒன்றிற் குடிபுகுந்தனர். தாமே சுவருக்குச் சுண்ணம் பூசினர். சாளரங்களிற் பூஞ்செடி வைத்தனர். இடிந்து கிடந்த மூலைகளைச் சிறு தோட்டங்களாக்கினர். அயலாரும் மெல்ல மெல்ல அவர்களோடு சேர்ந்தனர். வறியோரை வெளியேற்றாமல் அவர் வாழும் இடத்தையே வாழ்தற்கு உரியதாக்கலாம் என்னும் உண்மையைக் கெடிஸ் நூலிற் கற்கவில்லை. மனைவியாரோடு சுண்ணம் பூசிய கையாலேயே கற்றார்.

1888-ஆம் ஆண்டில் டண்டீ பல்கலைக் கல்லூரியில் தாவரநூற் பேராசிரியரானார். ஆண்டின் ஒரு பகுதியிலேயே கற்பித்து, எஞ்சிய காலத்தை ஊராராய்ச்சியிற் செலவிட அப்பதவி இடந்தந்தது. எடின்பரோவில் உயர்ந்ததொரு கட்டடத்தை 1892-ஆம் ஆண்டிற் கைக்கொண்டு, நோக்குமாடம் எனப் பெயரிட்டார். அதன் உச்சியிலேறுவோர் முதலில் நகரைக் கண்ணாற் காண்பர். கீழே இறங்க இறங்க நகரையும், நாட்டையும், கண்டத்தையும், உலகத்தையும் பற்றிய பொருட்காட்சிகளை முறையே காண்பர். ஊரை அறியாதான் உலகை அறியான் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையினின்றும் கிளைத்ததே ஆற்றுப் பள்ளத்தாக்கின் நெடுக்கு வெட்டுப் படம் என அவர் வரைந்துகாட்டியது. அப்படத்தில் மலையுச்சியிற் சுரங்கத் தொழிலாளனும் மரம் வெட்டுவோனும், அதனை அடுத்து வேட்டுவனும், சாரலில் ஆயனும், சமவெளியில் உழவனும், கழிமுகத்தில் மீனவனும் நிற்பர். நிலத்தின் இயல்பு தொழிலை அமைக்க, தொழில் மக்களை அமைக்கும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தைப் பகுத்து, அவ்வந்நிலத்திற்கு உரிய மக்களையும் தொழிலையும் இலக்கணமாக வரையறுத்த தமிழ் மாணாக்கர்க்கு இப்படம் புதியதாய்த் தோன்றாது. கெடிஸ் தமிழ் இலக்கணம் கற்று இதனை வரைந்தார் என யாம் கூறவில்லை. நிலத்தை உற்று நோக்குவோர் எந்நாட்டிற் பிறப்பினும் ஓருண்மையையே காண்பர் என்பதற்கு இது சான்றாம்.

1904-ஆம் ஆண்டில் டன்பர்ம்லின் என்னும் ஊரில், செல்வர் கார்னெகி நிறுவிய அறநிலையத்தார் பொருட்டு, ஓடை பாயும் பூங்கா ஒன்றனை அமைக்குமாறு திட்டம் வகுத்தார். கழிவுநீர் ஓடையைத் தூய்மை செய்தல், பழைய ஆலைகளையும் வீடுகளையும் இடியாது காத்தல், ஊரின் வரலாறு நடப்போர் கண்ணிற்குப் புலப்படுமாறு வழிகளை அமைத்தல் ஆகியன அதன் கூறுகள். அறநிலையத்தார் அதனை ஏற்றுக் கொள்ளவில்லை. இதுபோன்ற ஏமாற்றங்கள் பின்னரும் பல நேர்ந்தன.

சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பிற்கிணங்கி 1914-ஆம் ஆண்டில் கெடிஸ் இந்தியாவிற்கு வந்தார். உலக நகரங்களைப் பற்றி அவர் பல்லாண்டுகள் திரட்டிய படங்களும் வரைவுகளும் வேறொரு கப்பலில் வந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கலங்களைச் சுட்டெரித்த எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல், அடுத்த திங்களில் அக்கப்பலையும் கடலுள் ஆழ்த்தியது. வாழ்நாளின் உழைப்பு நீரில் மறைந்தது. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பர். கெடிஸ், தம் நண்பர்கள் விரைந்து சேர்த்தனுப்பிய வேறு படங்களைக் கொண்டு, 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சென்னையில் அக்காட்சியை நடத்தினார்.

அதன்பின் நம் மாகாணத்து நகரங்கள் பலவற்றிற்கும் சென்றார். முதலில் நடந்து பார்த்தல், பின்னர் எழுதுதல் என்பதே அவர் முறை. மருத்துவன் நாடி பார்த்தன்றி மருந்து கொடான். ஊரமைப்போனும் அவ்வாறே முதலில் நோயை அறிதல் வேண்டும் என்றனர். தஞ்சையில் நெருக்கமானதொரு பகுதியை இடித்து நேரான அகலத் தெருக்கள் போடுதற்கு 30,000 ரூபாய் ஆகுமென மதிப்பிடப்பட்டிருந்தது. கெடிஸ் அச்சந்துகளில் வீடுவீடாக நடந்து, பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, வெற்றிடங்களை இணைத்து மரம் நட்டால் 5,000 ரூபாயில் அப்பயனை எய்தலாம் எனக் காட்டினார். பேரறுவை செய்து உயிர் போக்காது, சிறிதே அறுத்து உயிர் காக்கும் முறை இதுவாம்.

நீர்நிலைகளைப் பற்றி அவர் கொண்ட கருத்து இன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. கொசு பெருகும் என்னும் அச்சத்தால் ஊர்க்குளங்களைத் தூர்க்க அந்நாளைய அதிகாரிகள் முனைந்தனர். கெடிஸ் இதனை வன்மையாக மறுத்தார். குளத்தில் மீனும் வாத்தும் இருப்பின் கொசுப்புழுவை அவை உண்ணும். குளமோ ஊரைக் குளிர்விக்கும், மழைநீரை ஏற்கும் என்று விளக்கினார். தூர்த்த குளங்களின் மேல் வீடு கட்டி, மழைக்காலந்தோறும் நீரை வெளியேற்ற முயலும் நமக்கு இதற்கு மேல் உரை வேண்டுவதில்லை.

1917-ஆம் ஆண்டு அவர்க்குக் கொடிய ஆண்டாயிற்று. ஏப்ரல் திங்களில் அவர்தம் மூத்த மகன் அலாஸ்டர் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் மடிந்தார். அப்போது அன்னை அன்னா இந்தியாவில் நோய்ப்படுக்கையில் இருந்தார். அச்செய்தி அவருயிரைப் போக்கிவிடுமென்று அஞ்சிய கெடிஸ் அதனை மறைத்து, தம் துயரையும் விழுங்கி, மனைவியாரின் அருகில் அமர்ந்திருந்தனர். மகன் இறந்தமை அறியாமலே அவ்வம்மையார் சூன் திங்களிற் கல்கத்தாவில் இறைவனடி எய்தினார்.

அத்துயரத்தின் பின்னரே இந்தூரில் அவர்தம் பெரும்பணி நிகழ்ந்தது. அந்நகரின் நடுவே இரு சிற்றாறுகள் கலந்து ஓடுகின்றன. அவற்றிற் கழிவைக் கலத்தலைத் தவிர்த்து, கரைகளைப் பூங்காவும் படித்துறையும் நடைவழியுமாக்கி, கழிவினைத் தோட்டங்களுக்கு எருவாக்குதல் வேண்டுமென 1918-ஆம் ஆண்டில் வெளியான தம் அறிக்கையில் எழுதினார். ஆயின், அறிக்கையை எழுதிவிட்டு அவர் அமைந்தாரல்லர். பிளேக்கு நோய்க்கு நடுங்கிய மக்கள் அவரையே ஐயுற்று நோக்கிய காலமது. அரசரிடம் ஒருநாள் ஆட்சியுரிமை பெற்று, தீபாவளி ஊர்வலத்தைத் தாமே நடத்தினார். எத்தெருவினர் தம் தெருவை மிகத் தூய்மை செய்வரோ அத்தெருவழியே ஊர்வலம் செல்லுமென அறிவித்தார். நகரெங்கும் குப்பை அகன்றது, வீடுகள் வெள்ளையடிக்கப்பெற்றன. ஊர்வலத்தில் நோயின் உருவாகப் பெரியதோர் எலி வந்தது. வெள்ளாடை உடுத்து, மாலை சூடித் தெருக்கூட்டும் தொழிலாளரும் பெருமையோடு வந்தனர். அவர்களைத் தீண்டாது ஒதுக்கிய நகரம் அன்று அவர்களை வணங்கி வரவேற்றது. இறுதியில் எலியின் உருவம் தீக்கிரையாயிற்று. மகனையும் மனைவியையும் இழந்த முதியவர் ஒருவர், பிறருடைய பிள்ளைகள் நோயின்றி வாழும் பொருட்டுச் செய்த விழா அது.

1919-ஆம் ஆண்டு முதற் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகநூற் பேராசிரியராய் விளங்கினார். அறிவியலறிஞர் சகதீச சந்திர போசின் வரலாற்றை எழுதி 1920-இல் வெளியிட்டார். 1925-ஆம் ஆண்டிற் பாலஸ்தீன நாட்டில், கடலோரத்தில் யார்க்கோன் ஆற்றை நோக்கி வளர்ந்த தெல் அவீவ் நகரத்திற்குத் திட்டம் வகுத்தார். வீடுகள் சூழ நடுவே பொதுத் தோட்டம் அமைந்த சிறு சிறு குடியிருப்புகள் அத்திட்டத்தின் உயிராம். அவர் திட்டங்களுட் பெரிதும் நிறைவேறியது அதுவே. இந்தியாவில் ஏறத்தாழ 50 நகரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகள் பெரும்பாலும் அலுவலக அலமாரிகளில் உறங்கின. பிரான்சு நாட்டு மான்ட்பெலியர் நகரில் ஒரு கல்லூரியை நிறுவி, அங்கேயே 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் காலமானார்.

வெற்றியைக் கொண்டே மக்களை அளப்பார்க்கு இவர் வாழ்வு குறையுடையதாகத் தோன்றும். விதைத்தவன் எல்லா விதையும் முளைக்கக் காண்பதில்லை. வழியருகே விழுந்ததும் பாறைமேல் விழுந்ததும் உண்டு. ஆயினும் நல்ல நிலத்தில் விழுந்ததும் உண்டு.

இற்றை நாளில் ஆற்றங்கரைகளிற் குடியிருப்புகளும் ஓய்வு மாளிகைகளும் பெருகி வருகின்றன. பசும்புல்லும் செயற்கைக் குளமும் அமைத்து, மதிலெழுப்பி, ஆற்றின் காட்சியை விலைக்கு விற்பர். கெடிஸ் அவ்விடத்தில் நின்றால் எவற்றை வினவியிருப்பர் என எண்ணிப் பார்த்தல் நம் கடன். வெள்ளம் எவ்வழியே வரும்? மேட்டில் மண்ணிட்டு உயர்த்தினால் அந்நீர் எவர் வீட்டிற் புகும்? இங்கு முன்பே வாழ்ந்த மீனவன் எங்கே? இம்மூன்றிற்கும் விடை கூறாத அழகு அழகன்று.

கொசத்தலையாற்றிற்கு மேற்பால் 1944-இற் கட்டப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கமும், கீழ்ப்பால் எண்ணூர்க் கழிமுகமும் ஒரே ஆற்றின் இரு பகுதிகள். மேலே திறக்கும் நீர் கீழேயுள்ள சடையங்குப்பத்தான் வாயிலை வந்து தட்டும். ஆற்றை முழுதும் நோக்கி, அதன் கடைசி வீட்டில் வாழ்பவனையும் எண்ணித் திட்டம் வகுப்போர் நம் மாணவருள் தோன்றுவாராயின், தாபோர் மலைக் குடிலின் சாளரத்தருகே நின்று ஆற்றை நோக்கிய அச்சிறுவரின் வாழ்வு வீண் போகவில்லை எனலாம்.