பெட்டிக்குப் படம் போட்ட தேனீ வாத்தியார்

நம் சுவர் இதழில் வாழ்க்கை வரலாறு என்றாலே தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் என்றுதான் வரும். இந்த முறை நான் ஒரு தேனீ வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். தேனீக்கு வாத்தியாரா என்று சிரிக்காதீங்க. தேனீ வளர்ப்பவர்களுக்குப் பாடம் நடத்தியவர் இவர். பெயர் அன்டன் யான்ஷா. மே 20ஆம் தேதி உலகத் தேனீ நாள் என்று படித்திருப்பீர்கள். அது இவரை நினைத்து வைத்த நாள்தான். ஸ்லோவேனியா நாடு கேட்டுக்கொண்டதால் ஐக்கிய நாடுகள் சபை 2017இல் அறிவித்தது. 2018 முதல் கொண்டாடுகிறார்கள்.

ஸ்லோவேனியா எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடிப் பாருங்கள். இத்தாலிக்குக் கிழக்கே, ஆஸ்திரியாவுக்குத் தெற்கே, ஆல்ப்ஸ் மலை ஓரத்தில் சின்னதாக இருக்கும். யான்ஷா காலத்தில் அந்தப் பெயரில் நாடே கிடையாது. அந்தப் பகுதிக்குக் கார்னியோலா என்று பெயர். ஆஸ்திரிய அரச குடும்பம்தான் ஆண்டது. அங்கே ப்ரெஸ்னிட்சா என்ற கிராமத்தில் 1734இல் பிறந்தார். மே 20 என்பது கோயில் பதிவேட்டில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக உள்ள தேதி. விவசாயக் குடும்பம். வீட்டில் நூற்றுக்கும் மேலே தேன்பெட்டிகள். அக்கம்பக்கத்து விவசாயிகள் கூடி உட்கார்ந்தால் பயிரும் தேனீயும்தான் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தார்.

அன்டனுக்கும் அவர் தம்பிகளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்கிறார்கள். ஆனால் படம் வரையத் தெரியும். தானியக் கொட்டகை ஒன்றை ஓவியக்கூடமாக மாற்றி அதிலேயே வரைந்துகொண்டிருந்தார்களாம். பள்ளிக்கூடம் போகாத பசங்க கொட்டகைக்குள் ஓவியக்கூடம் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். அந்த ஊர்த் தேன்பெட்டி தட்டையான நீளமான மரப்பெட்டி. முன்பக்கம் சுமார் 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் இருக்கும். கீழே தேனீ போய்வர ஒரு சின்ன வாசல். தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஒரு மரக்குடிசைக்குள் பெட்டிகளை அடுக்கி வைப்பார்கள். முன்பக்கப் பலகைகள் மட்டும் வெளியே தெரியும். அந்தப் பலகைகளில்தான் படம். ஆளிவிதை எண்ணெயில் வண்ணப்பொடி குழைத்துத் தீட்டினார்கள். மழை, பனி எல்லாம் தாங்கி நின்றது. இன்று கிடைத்திருக்கிற பலகைகளில் மிகப் பழையது 1758ஆம் வருடத்தது. அதில் இருப்பது மாதா படம். அப்போது யான்ஷாவுக்கு வயது 24. அவரும் பெட்டி முகப்புகளில் படம் போட்டவர்தான். பெட்டிகள் அடுக்க வசதியாக இருக்கவேண்டும் என்று அவற்றின் அளவையும் அமைப்பையும் மாற்றினார் என்றும் சொல்வார்கள்.

படம் எதற்கு? சும்மா அழகுக்குத்தானே என்றுதான் நானும் நினைத்தேன். அழகும் உண்டு, பயனும் உண்டு. ஒரே மாதிரி இருபது வாசல் இருந்தால் தேனீ தன் வீடு எது என்று தடுமாறிப் பக்கத்துப் பெட்டிக்குள் போய்விடும். முக்கியமாக ராணித் தேனீ அப்படிப் போனால் அங்கே உள்ளவை அதைக் கொன்றுவிடும். ராணி இல்லாத பெட்டி கொஞ்ச நாளில் அழிய வேண்டியதுதான். வாசலுக்கு வாசல் நிறம் வேறாக இருந்தால் இந்தத் தடுமாற்றம் குறையும். வளர்ப்பவருக்கும் எந்தப் பெட்டியில் என்ன நடந்தது என்று ஞாபகம் வைக்கச் சுலபம். மாதா பெட்டியில் தேன் எடுத்தாயிற்று, கரடிப் பெட்டியில் இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லலாம், இல்லையா?

தேனீக்கு நிறம் தெரியும் என்று சோதனை செய்து காட்டியவர் கார்ல் வான் ஃப்ரிஷ். 1914இல் அதை வெளியிட்டார். 1973இல் நோபல் பரிசு வாங்கினார். நீலமும் மஞ்சளும் தேனீக்கு நன்றாகத் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் தெரியும். சிவப்பு மட்டும் தெரியாது. ஆகவே பலகையில் சிவப்புச் சட்டை போட்ட வேட்டைக்காரன் தேனீக்கு வெறும் இருட்டு. இதெல்லாம் நிரூபணமாவதற்கு 150 வருடம் முன்பே அந்த விவசாயிகள் தூரிகையை எடுத்துவிட்டார்கள்.

1766இல் யான்ஷா தம்பிகளோடு வியன்னாவுக்குப் போனார். அங்கே செப்புத்தகட்டில் படம் செதுக்கக் கற்றுக்கொடுக்கும் கலைக்கூடத்தில் சேர்ந்தார். ஓவியராக வேண்டும் என்பதுதான் எண்ணம். இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. அப்போது ஆட்சி செய்த மகாராணி மரியா தெரசா, நாட்டில் தேனும் மெழுகும் பெருக வேண்டும் என்று விரும்பினார். அந்தக் காலத்தில் கரும்புச் சர்க்கரை விலை அதிகம். கோயில் விளக்குக்கு மெழுகுவர்த்தி வேண்டும். 1769இல் வியன்னாவில் தேனீ வளர்ப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. அடுத்த வருடம், 1770இல், யான்ஷா அரசாங்கத்தின் முதல் தேனீ ஆசிரியராக நியமிக்கப்பட்டார். படித்த பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் இருந்த நகரத்தில், கொட்டகையில் படம் போட்ட ஒரு விவசாயி மகனுக்கு அந்த வேலை கிடைத்தது. அவுகார்ட்டன் என்ற அரச தோட்டத்தில் பெட்டிகளை வைத்துப் பாடம் நடத்தினார். மற்ற ஊர்களுக்கும் போய்க் கற்றுக்கொடுத்தார். பூ எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டிகளைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் பாடங்களில் முக்கியமானது.

அவர் சொன்னதில் பெரிய விஷயம் ஆண் தேனீயைப் பற்றியது. ஆண் தேனீ தண்ணீர் சுமந்து வரும் என்று அதுவரை பலர் நம்பினார்கள். யான்ஷா அது தப்பு என்றார். ராணித் தேனீ வெளியே பறந்துபோய், ஆகாயத்திலேயே ஆண் தேனீயோடு சேர்ந்துவிட்டுத் திரும்புகிறது என்று எழுதினார். எப்படிக் கண்டுபிடித்தார்? பெட்டி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துதான். படம் வரைகிறவர்களுக்கு ஒன்றையே ரொம்ப நேரம் பார்க்கும் பழக்கம் உண்டு. அது இங்கே உதவியிருக்கும் என்பது என் கருத்து. (இன்னொரு ஆச்சரியம்: ஜெனீவாவைச் சேர்ந்த ஃபிரான்சுவா ஹூபர் 1792இல் வெளியிட்ட புத்தகத்திலும் இதே முடிவுக்கு வந்தார். ஹூபருக்குக் கண் தெரியாது! உதவியாளர் பார்த்துச் சொல்லச் சொல்ல ஆராய்ந்தவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

1771இல் யான்ஷாவின் முதல் புத்தகம் ஜெர்மன் மொழியில் வந்தது. ஒரு கூட்டிலிருந்து தேனீக்கள் பிரிந்து புதுக் கூட்டமாகப் போவதைப் பற்றிய புத்தகம் அது. எழுத்தே தெரியாமல் வளர்ந்தவர் பேரில், தாய்மொழி அல்லாத மொழியில் ஒரு புத்தகம்! இரண்டாவது புத்தகம் வருவதற்குள் அவர் இல்லை. 1773 செப்டம்பர் 13ஆம் தேதி வியன்னாவில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 39தான். ஆசிரியராக இருந்தது மூன்று வருடம் சொச்சம். தேனீ வளர்ப்பு முழுவதையும் சொல்லும் அந்த இரண்டாவது புத்தகம் 1775இல் வெளிவந்தது. அவர் புத்தகங்களை வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று மகாராணி ஆணையே போட்டார்.

ஓவியராகப் புறப்பட்டவர் ஓவியராகவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவர் தம்பி லோவ்ரோ வியன்னாவிலேயே இயற்கைக் காட்சி ஓவியராகி, அங்குள்ள கலைக்கூடத்தில் பேராசிரியராகவும் ஆனார். அண்ணனும் தூரிகையை விடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ!

ஆனால் பெட்டிக்குப் படம் போடும் வழக்கம் அவரோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்த ஊரில் ஓஹோவென்று நடந்தது. 600க்கும் அதிகமான வகைப் படங்கள் கிடைத்திருக்கின்றன. முதலில் சாமி படங்கள்தான். அப்புறம் கேலிப் படங்கள் வந்தன. வேட்டைக்காரன் செத்துப்போக, கரடியும் முயலும் மானும் அவனைப் பாடை தூக்கிக்கொண்டு போகிற படம் ரொம்பப் பிரபலம். பெண்ணின் நாக்கைச் சாத்தான் சாணைக்கல்லில் தீட்டுகிற படமும் உண்டு. (மாணவிகள் கோபிக்க வேண்டாம், வரைந்தவர்கள் ஆண்கள்.) புதுமாதிரிப் பெட்டிகள் வந்த பிறகு பலகைகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. ராடோவ்லிட்சா என்ற ஊரில் 1959இல் தொடங்கிய தேனீ அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஸ்லோவேனியத் தேனீ வளர்ப்பை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு பெட்டி வைத்திருப்பவர்கள்கூடப் பழைய படங்களைப் பார்த்துத் தீட்டிக்கொள்கிறார்கள். சிலர் சொல்லிச் செய்து வாங்குகிறார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. வண்ணம் வெளியே மட்டும்தான். உள்பக்கம் வெறும் மரமாகவே இருக்க வேண்டும், தேனும் குஞ்சும் இருக்கிற இடமாச்சே. வண்ண வாடை நன்றாகப் போன பிறகுதான் தேனீயைக் குடிவைக்க வேண்டும்.

ப்ரெஸ்னிட்சாவில் யான்ஷா நினைவாக ஒரு தேனீக் குடிசையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் முகப்பிலும் வரிசை வரிசையாகப் படப் பலகைகள்தான்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு