கல்லும் ஏடும் காத்த மெக்கன்சி

பட்டு நெசவால் பெயர் பெற்ற ஆரணிக்கு மேற்கே, சவ்வாது மலையின் அடிவாரத்தில் படவேடு என்னும் ஊர் உள்ளது. சம்புவராயர்களின் கோநகராய்ப் பொலிந்த அவ்வூரில், பின்னாளில் பல கோயில்கள் மணலிற் புதைந்தும் புதரில் மறைந்தும் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அவற்றுட் பல மீண்டும் எடுத்துக் கட்டப்பெற்றன. அரசு மாய்ந்தபின் கோயில் பாழாவதும், பாழான கோயிலைக் காடு மூடுவதும் படவேட்டிற்கு மட்டும் நேர்ந்தவை அல்ல. அத்தகைய பாழிடங்களை நாடிச் சென்று, அவை அழியுமுன் அளந்தும் வரைந்தும் எழுதியும் வைப்பதற்குத் தம் வாழ்நாளை ஈந்த பெருந்தகை ஒருவர் உண்டு. அவரே கர்னல் காலின் மெக்கன்சி.

ஸ்காத்லாந்து நாட்டின் வடமேற்கே, கடல் சூழ்ந்த லூயிசுத் தீவில் 1754ஆம் ஆண்டளவில் மெக்கன்சி பிறந்தார். இளமையில் அங்கே சுங்க அலுவலராய் இருந்த அவர், 1783இல் சென்னைக்கு வந்து, கிழக்கிந்தியக் கும்பினியின் படையிற் சேர்ந்து பொறியாளர் ஆனார். இந்தியரின் பண்டைக் கணிதத்தை அறியும் வேட்கை அவருக்கு முன்னரே உண்டு. மதுரையில் கற்றறிந்த அந்தணர் சிலரோடு பழகியபோது, அவ்வேட்கை இந்நாட்டின் பழைய வரலாறு முழுவதையும் நாடும் பெருவேட்கையாய் வளர்ந்தது. ஆயினும் போர்களும் பணிகளும் அடுத்தடுத்து வந்தமையால், பல்லாண்டுகள் அவருக்கு ஓய்வு கிட்டவில்லை.

1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. மைசூர் நாட்டை அளந்து படம் வரையும் பணி மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வளவை கும்பினியின் ஆட்சிக்குத் துணை நின்றது என்பது உண்மையே. எனினும், நிலத்தை அளப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ஊரின் பழங்கதை யாது, கோயிலை எடுத்தவர் யார், கல்வெட்டு என்ன கூறுகின்றது என்று செல்லும் இடந்தோறும் உசாவினார். விசயநகரப் பேரரசின் தலைநகராய் இருந்து பாழ்பட்ட அம்பியையும் அந்நாளிலேயே கண்டு, அதன் நிலப்படத்தை வரைவித்தார்.

இப்பணியில் அவருக்கு ஒரு பெருந்தடை இருந்தது. இந்நாட்டு மொழிகளில் அவர் புலமை பெற்றிலர். அக்குறையை நிறைவு செய்தவர்கள் இந்நாட்டு அறிஞர்களே. அவர்களுள் தலையாயவர் காவலி வேங்கட போரய்யா என்னும் இளைஞர். படிப்பார் அற்றுக் கிடந்த பழங்கன்னடக் கல்வெட்டுகளை அவர் முயன்று படித்தார். 1803இல் அவர் இளமையிலேயே மறைந்தபோது மெக்கன்சி பெரிதும் வருந்தினார். பின்னர் அவர் தம்பி இலக்குமய்யா அப்பணியை ஏற்று நடத்தினார். தருமய்யா என்னும் சமண அறிஞரும் துணை நின்றார். பாவும் ஊடையும் கூடினாலன்றிப் பட்டு உருவாவதில்லை. அதுபோல, மெக்கன்சியின் ஊக்கமும் இவ்வறிஞர்களின் மொழியறிவும் கூடியதனாலேயே அவ்வரும்பணி நிறைவேறியது.

காலம் தாழ்த்தினால் நேரும் இழப்பை அவர் கண்ணாரக் கண்ட இடம் அமராவதி. கிருட்டிணை ஆற்றங்கரையில் இருந்த பழைய பௌத்தத் தூபியைப் பற்றிக் கேள்வியுற்று, 1797இல் அவர் அங்குச் சென்றார். அப்பகுதித் தலைவராகிய வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு புதிதாய் ஊர் ஒன்றை எடுத்துக் கொண்டிருந்தார். அதற்குக் கல் வேண்டி மேட்டைத் தோண்டியபோது சிற்பப் பலகைகள் வெளிப்பட்டன. மெக்கன்சியால் அப்போது நெடுநாள் தங்க இயலவில்லை. பத்தொன்பது ஆண்டு கழித்து, 1816இல் அவர் மீண்டும் சென்றபோது, தூபியின் நடுவிடம் குளமாக வெட்டப்பட்டுக் கிடந்தது. பலகைகள் பல கட்டடங்களுக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றை அவர் விரைந்து வரைவித்தார். பின்னாளில் அவற்றுள்ளும் சில மறைந்தன. அவற்றின் வடிவை இன்று காட்டுவன அவ்வோவியங்களே.

இவ்விரு பயணங்களுக்கும் இடையே அவர் கடல் கடந்தும் சென்றார். 1811இல் ஆங்கிலப் படை சாவகத் தீவின்மேற் சென்றபோது அவரும் உடன் சென்றார். போர் ஓய்ந்தபின், 1812ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பிரம்பனான் என்னும் இடத்திற்குப் பயணமானார். சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் நான்முகனுக்கும் தனித்தனியே கோயில்கள் அமைந்து, இராமகாதைச் சிற்பங்கள் விளங்கும் இடம் அது. அவர் சென்ற நாளில் கோபுரங்கள் சரிந்து கற்குவியலாய்க் கிடந்தன. அக்குவியலின்மேல் மரமும் கொடியும் அடர்ந்திருந்தன. அவற்றினூடே புகுந்து கண்டவற்றை ஆராய்ந்து அவர் எழுதிய பயணக் கட்டுரை 1814இல் வெளிவந்தது. அங்குள்ள சிவன் கோயில் மீண்டும் எடுத்துக் கட்டப்பெற்று 1953இல் நிறைவுற்றது.

1815இல் மெக்கன்சி இந்தியா முழுவதற்கும் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். தாம் தொகுத்தவற்றை ஒழுங்குபடுத்தி நூலாக்க வேண்டும் என்பது அவர்தம் அவா. அது நிறைவேறுமுன்னரே, 1821ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கல்கத்தாவுக்கு அருகே காலமானார். அவருடைய தொகுப்பில் 1,568 இலக்கியச் சுவடிகளும், 8,076 கல்வெட்டுப் படிகளும், 2,630 வரைபடங்களும், 6,218 நாணயங்களும் இருந்தன. கும்பினியார் அதனை விலை கொடுத்துப் பெற்றனர். அப்பணியைத் தொடர்ந்து நடத்த இலக்குமய்யா வாய்ப்பு வேண்டினார். தகுதி மிக்க அவருக்கு அது மறுக்கப்பட்டது வருந்தத்தக்கது.

அச்சுவடிகளில் ஒரு பகுதி சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றது. எத்தனையோ சிற்றூர்களின் கதை அவ்வேடுகளால் பிழைத்தது. கல்லும் ஒருநாள் அழியும். கண்டவர் உரிய காலத்தில் எழுதி வைப்பாராயின், அதன் வரலாறு அழியாது நிற்கும்.