சிப்பியில் பட்டன் வெட்டியவர்

ஜான் போபிள் தெரியுமா உங்களுக்கு? ஜெர்மனியில் பட்டன் செய்துகொண்டிருந்தவர். 1887-ல் அமெரிக்கா போய், 1891-ல் மிசிசிப்பி ஆற்றங்கரை மஸ்கட்டீனில் ஆற்றுச் சிப்பி ஓட்டில் பட்டன் வெட்ட ஆரம்பித்தார். ஊர் பணம் பார்த்தது, ஆற்றில் சிப்பி காலியாச்சு. கம்பெனியும் அவர் கையை விட்டுப் போச்சு.

அப்புறம் மனுஷன் செஞ்சதுதான் எனக்குப் பிடிச்சது. ஃபேர்போர்ட்டில் சிப்பி வளர்க்கும் அரசு நிலையத்தில் சேர்ந்து, எந்த ஆற்றில் எவ்வளவு மிச்சம்னு இறங்கித் தேடினார். ஒரு ஓடு காலைக் கிழித்தது. சீழ் பிடித்து 1912-ல் இறந்தார்.

இப்போ அதே மிசிசிப்பியில், அழிந்துவரும் ஹிக்கின்ஸ் ஐ சிப்பியின் குஞ்சுகளை மீன் செவுளில் ஒட்டவைத்து வளர்த்து விடுறாங்க. ஓட்டில் நம்பர் டேக்கை ஒட்டி, பிறகு முங்கி எடுத்து அளந்து பார்க்கிறாங்க. செத்த ஓடு கிடைச்சாலும் நம்பரைக் குறிச்சுக்கணும்.